தண்ணீர் கேட்காத இயந்திரம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஸ்டாண்டு, இரும்பு மாடிப்படி, கார் நிறுத்தும் ஷெட் ஆகியவற்றைத்தான் செய்தோம். இரும்பை அளந்து, வெட்டி, பொருத்தி நிறுத்துகிற ஃபேப்ரிகேட்டர் நான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. என்னிடம் டிராயிங்கைக் கொடுத்தால் போதும், பொருள் வந்துவிடும் என்று ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரோடுதான் ஒரு கோடைக்காலத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நான்கு தாள்களை நீட்டினார்.

"சூடான்ல இருந்து ஆர்டருங்க. தங்கம் எடுக்குற மெஷின். ஆறு செட்."

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், படித்த இன்ஜினியர். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். நாம் சொல்வதை அவர் ஏற்றுக்கொள்ளவும் மாட்டார். திட்டுகிற ஆளாக இருந்தால் திரும்பக் கோபப்படலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

மணலோடு கலந்து கிடக்கும் தங்கத்தைத் தண்ணீரில் அலசிப் பிரிப்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த முறை. தண்ணீரே இல்லாத இடத்தில் அந்த வேலையைக் காற்று செய்ய வேண்டும். மேலே தொட்டியில் மணலைக் கொட்டினால் சல்லடையில் கல் நின்றுவிடும், மணல் மட்டும் ஒரு சாய்ந்த தட்டில் இறங்கும். தட்டின் அடிப்பாகம் துணி. குறுக்கே சின்னச் சின்ன வரப்புகள் மாதிரி பட்டைகள். துணிக்கு அடியிலிருந்து காற்று அடித்தால் லேசான மணல் துள்ளி வரப்பைத் தாண்டிக் கீழே போய்விடும். கனமான தங்கம் வரப்பை ஒட்டித் தங்கிவிடும்.

எங்கள் வெல்டர் தூத்துக்குடி கடற்கரைப் பக்கத்துக்காரன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். தாள்களை எட்டிப் பார்த்துவிட்டு, "நெல்லு தூத்துறது கணக்கால்லா இருக்கு, இதுக்கா இம்புட்டு டிராயிங்?" என்றான்.

பொருத்த ஆரம்பித்த இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிராயிங்கில் காற்றுக்குப் பெரிய மின்விசிறி ஒன்று போட்டிருந்தார்கள். தூசி உறிஞ்சும் வேலைக்கென்று வாங்கி, அந்த வேலை நின்றுபோனதால் ஸ்டோரில் கிடந்த விசிறிகள். அவற்றைத் தள்ளிவிட இது ஒரு வழி. சாப்பாட்டு நேரத்தில் நான் ஃபோனில் தேடிப் பார்த்தேன். இந்த மாதிரி இயந்திரம் ஓடும் வீடியோக்கள் எல்லாவற்றிலும் காற்று துருத்தி ஊதுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. ஒருமுறை ஊதும்போது மணல் எழும்பும், நிற்கும்போது கனமானது முதலில் அடியில் உட்காரும். விடாமல் ஊதினால் எது எங்கே உட்காரும்? அது போதாதென்று, அடித்துணிக்குத் தார்ப்பாய் மாதிரி தடித்த கித்தானை வாங்கி வைத்திருந்தார்கள்.

மேனேஜரிடம் போய் ஃபோனைக் காட்டினேன். முழு வீடியோவையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நம்ம டிராயிங் ஆபீஸ்ல அப்ரூவ் ஆயிடுச்சுங்க. இனி அதுல கை வெக்க முடியாதுங்க."

"சார், ஓடலேன்னா?"

"ஓடுமுங்க. நீங்க டிராயிங்ல இருக்கற மாதிரி பண்ணுங்க, போதும்."

பண்ணினேன். முதல் இயந்திரத்தைப் பட்டறை முற்றத்தில் நிறுத்தி மணலைக் கொட்டி விசிறியைப் போட்டோம். அரை நிமிடத்தில் எதிரே நின்ற ஆள் தெரியவில்லை. பக்கத்துக் கராஜில் அப்போதுதான் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த கார் மேல் முழுக்கத் தூசி படிந்தது. கராஜ்காரர் ஓடிவந்து உருதுவில் கத்தினார். மேனேஜர் எங்களைப் பார்த்து, "நீங்க முன்னாடியே யோசிச்சிருக்கணுமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் பிக்கப்பில் ஏற்றி ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கொண்டுபோய்ச் சோதித்தோம். சோதிக்கத் தங்கத்துக்கு எங்கே போவது? வெல்டர்தான் வழி சொன்னான். லீவு நாளில் அவன் கடற்கரையில் தூண்டில் போடுகிற ஆள்.

"ஈயக் குண்டு எங்கிட்ட கெடக்குண்ணே, தூண்டிலுக்கு வாங்குனது. சின்னச் சின்னதா வெட்டிப் போடுவோம். ஈயமே நிக்கலேன்னா தங்கம் எங்க நிக்கப் போவுது?"

தங்கம் ஈயத்தைவிடக் கனம், அதனால் ஈயம் நின்றால் தங்கம் கட்டாயம் நிற்கும்; அந்த அளவில் அவன் கணக்கு சரி. கோதுமை மணி அளவில் இருபது துண்டு வெட்டிச் சிவப்பு பெயின்டில் முக்கிக் காயவைத்தோம். மணலில் கலந்து ஓட்டினோம். தட்டில் நின்றது ஆறு. மறுபடி ஓட்டினோம். நான்கு.

விசிறியும் துணியும் தவிர இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த இயந்திரத்துக்கு மணல் பொடியாகக் காய்ந்திருக்க வேண்டும். வளைகுடா மணல் காய்ந்ததுதானே என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த மாதங்களில் காலையில் தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டுச் சொட்டாக விழும். கடல் ஈரம் மணலில் ஏறி, கையில் பிடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். மணல் நன்றாகக் காய்வது நடுமதியத்தில். கோடையில் அந்த நேரத்தில் வெட்டவெளியில் வேலை செய்யக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். பன்னிரண்டரைக்கு நாங்கள் நிறுத்தியாக வேண்டும். மூன்று மணிக்குத் திரும்ப ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் கடல்காற்று வந்துவிடும். அதாவது இயந்திரம் ஓடக்கூடிய நேரத்தில் நாங்கள் ஓட்டக் கூடாது. நாங்கள் ஓட்டலாம் என்கிற நேரத்தில் அது ஓடாது.

இதையும் மேனேஜரிடம் சொன்னேன். "அங்க சூடான்ல ஈரம் இருக்காதுங்க" என்றார். அது உண்மைதான். ஆனால் சோதனை இங்கேதானே நடக்கிறது?

கடைசியில் ஒரு பழைய இரும்புத் தகட்டின் மேல் மணலைப் பரப்பி, அடியில் கேஸ் பர்னர் வைத்து வறுத்தோம். வெல்டர் மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே, "எங்க வீட்டம்மா பாத்தா சிரிக்கும். துபாய்க்குப் போயி மண்ண வறுத்துட்டு நிக்கியேன்னு கேக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வறுத்த மணலிலும் பதினொன்றுக்கு மேல் நிற்கவில்லை. மூன்று வாரத்தில் நான்கு தடவை மேனேஜரிடம் போயிருப்பேன். நான்கு தடவையும் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, டிராயிங் அப்ரூவ் ஆகிவிட்டது என்றார்.

அப்புறம் ஆர்டர் கொடுத்தவரே வந்தார். உயரமான மனிதர், என் வயதுதான் இருக்கும். வெள்ளை அங்கி. அரபியும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசினார். சைட்டில் கற்றுக்கொண்ட உடைந்த அரபியை வைத்து நான் சமாளித்தேன். காலை எட்டு மணிக்கே வெட்டவெளிக்குப் போய்விட்டோம். வறுத்த மணலை மூட்டையில் கொண்டு போயிருந்தோம்.

அவர் மேல்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஐந்து தங்கத் துணுக்குகள். அரிசிக் குறுணை அளவுதான் இருந்தன. ஆனால் அந்தக் காலை வெயிலில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அவர் சுற்றி நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, ஐந்தையும் ஒரு மண்வெட்டி மணலில் போட்டுக் கலந்து தொட்டியில் கொட்டினார். விசிறி ஓடியது. மணல் தீர்ந்ததும் தட்டை எடுத்து, விரல் நுனியால் ஒவ்வொரு வரப்பாகத் தடவினார்.

இரண்டு இருந்தது.

கீழே விழுந்த மணலைத் திரும்ப அள்ளி ஓட்டினோம். ஒன்றும் வரவில்லை. அவரும் வெல்டரும் நானும் மண்டியிட்டுக் கையால் தேடினோம். அப்போது மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்து, "கையில, செருப்புல ஒட்டியிருக்கும். ஒருக்கா தட்டிப் பாருங்க. சட்டைப் பையையும் பாத்துருங்க" என்றார்.

குரலில் எந்த மாற்றமும் இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வெல்டர் எழுந்து இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். நானும் பையில் கையை விடப் போனேன். சூடான்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "லா, லா" என்று தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

மேனேஜருக்குச் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். பிக்கப்பிலிருந்த குடிதண்ணீர் கேனைக் காட்டி, "தண்ணி இருக்குதே, அலசிப் பாத்துரலாமுங்க" என்றார். அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

அந்த மனிதர் கேனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மோயா மாஃபி" என்றார். தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தொடர்ந்து அவர் மெதுவாகச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அவங்க எடத்துக்குத் தண்ணி லாரி சில நாளைக்கு ஒருதடவைதான் வருமாம் சார். குடிக்கவே பத்தாதாம். தண்ணி இருந்தா கடல் தாண்டி ஒங்ககிட்ட எதுக்கு வரப்போறேன்னு கேக்குறாரு."

மேனேஜர் தலையாட்டினார். ஆனாலும் தங்கம் தங்கம்தான். என் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தேன். சூடான்காரர் அதில் மணலை அள்ளி, தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் சுழற்றிச் சுழற்றி வடித்தார். ஒரு கேன் தண்ணீரும் தீர்வதற்குள் இரண்டு துணுக்கு கிடைத்தது. மற்றொன்று கிடைக்கவே இல்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு இயந்திரத்தின் தட்டைக் கழற்றி, கித்தானில் வாயை வைத்து ஊதினார். மறுபக்கம் கையை வைத்துப் பார்த்து, காற்றே வரவில்லை என்று காட்டினார். விசிறியைக் காட்டி, தன் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்து விட்டார், இழுத்து விட்டார். இப்படி ஊத வேண்டும் என்றார்.

"ஓ, நல்ல ஐடியாங்க" என்றார் மேனேஜர். "பண்ணீரலாமுங்க. உடனே பண்ணீரலாம்."

வெல்டர் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வாரமாக நான் சொன்னது அதுதான். அதே வார்த்தை, அதே காரணம். வெள்ளை அங்கி போட்டவர் சொன்னதும் அது ஐடியா ஆகிவிட்டது.

இரண்டே நாளில் மாற்றினோம். விசிறிக்கும் தட்டுக்கும் நடுவில், சுற்றும்போது காற்றை மறித்தும் விட்டும் வைக்கிற ஒரு தகட்டைப் பொருத்தினேன். ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் ரூமுக்குக் கீழே உள்ள கடையில் மெல்லிய பருத்திப் படுக்கைவிரிப்பு வாங்கிக் கித்தானுக்குப் பதிலாக இழுத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் சூடான்காரர் தன்னிடம் மிச்சமிருந்த நான்கு துணுக்கையும் போட்டார். மணல் தட்டில் கொதிக்கிற கஞ்சி மாதிரி குதித்தது. நான்கும் முதல் இரண்டு வரப்புக்குள்ளேயே நின்றன. அவர் தட்டின் விளிம்பைத் தட்டிக் கொடுத்து, என் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறு இயந்திரமும் கப்பலேறின. இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஆறுக்கு ஆர்டர் வந்தது. மேனேஜர் நீட்டிய தாள்களை வாங்கிப் பார்த்தேன். பழைய டிராயிங். விடாமல் ஊதும் விசிறி, கித்தான் துணி.

"சார், இத மாத்தினோமே."

"மாத்தினோமுங்க. ஆனா அப்ரூவ் ஆனது இதுதானுங்க, ஆபீஸ்ல இருந்து வந்து செக் பண்றவங்க இதத்தான் வெச்சுப் பாப்பாங்க. முதல்ல இப்படியே பண்ணீருங்க. செக்கிங் முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

ஆறையும் தப்பாகச் செய்தோம். செக்கிங்கில் எல்லாம் சரி என்று கையெழுத்தானது. பிறகு ஆறையும் வெட்டித் திறந்து சரியாகச் செய்தோம். வெல்டர் தான் வைத்த வெல்டிங்கைத் தானே கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தபோது, "எந்த ஊர்லயும் இப்படி ஒரு வேல பாத்ததில்லண்ணே" என்றான். அடுத்து அறுக்க வேண்டிய இயந்திரத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் சூடான்காரர் எனக்கு நேராக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இயந்திரம் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தூசியால் இருமல் நிற்கவில்லையாம். ஏதாவது மூடி மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். மேனேஜரிடம் போட்டுக் காட்டினேன்.

"அவரு ஆபீசுக்கு மெயில் போடட்டுமுங்க. நாம பாக்கலாம்."

ரூமுக்கு வந்ததும் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நானே வரைந்தேன். தட்டின் கீழ்முனையில் வளைத்த தகரக் கூண்டு, அதிலிருந்து காற்று போகும் பக்கமாக நீண்ட துணிக்குழாய், அளவுகள் எல்லாம் எண்ணில். ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. தகரக் கூண்டு கோணலாக இருந்தது. குழாய்க்குப் பதில் சாக்குகளைத் தைத்துச் சேர்த்திருந்தார்கள். அதன் வாயிலிருந்து வந்த தூசி தூரத்தில் ஒரு மேடு மாதிரி குவிந்திருந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தில் துணி கட்டாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலைக்கு நடுவில் வெல்டரிடம் அதைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தான். "சாக்கத் தச்சிருக்கானுவ. கெட்டிக்காரனுவதான்" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் மேனேஜர் அடுத்த வேலைக்கான தாளோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.