பதினாறு வந்தது, ஒன்று வரவில்லை

மே மாதம் டெல்லியில் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தபால்தலைகளை மேசையில் பரப்பக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மயூர் விஹார் வீட்டின் பின்னறையில் நான் வரிசையாக எடுத்து வைத்த புதுத் தபால்தலைகள் பத்தே நிமிஷத்தில் ஓரம் தூக்கின. அரை மணி நேரத்தில் பீடி மாதிரி சுருண்டு கிடந்தன. எங்கள் ஊரான நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே ஆடிச் சாரலில் ஒரு தபால்தலையை மேசை டிராயரில் போட்டு வைத்தால், அடுத்த வாரம் அது கரண்ட் பில்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டித்தான் பிரிக்க வேண்டும். ஊரில் ஒட்டிக்கொள்கிற அதே கோந்துதான் இங்கே காய்ந்து சுருட்டிக்கொள்கிறது. முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இது இந்த மே மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

தபால்தலைகள் என் பெரியப்பாவுடையவை. அப்பாவுக்கு மூத்தவர். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தவர். அதாவது, போகிற காகிதத்துக்கு ஒரு தேதி, வருகிற காகிதத்துக்கு ஒரு தேதி போட்டே வாழ்நாளைக் கழித்தவர். பெரியம்மா சீக்கிரமே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கடைசி ஆறு வருஷம் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். போகும்போது பதினோரு ஆல்பங்களும் நான்கு பிஸ்கட் டின் நிறையத் தபால்தலைகளும் என் பெயருக்கு விட்டுப் போனார். "வித்துரு ஜெசி. வித்து இந்த ரூமுக்கு ஒரு ஏசி போடு. மியூசியம் வச்சிராத" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் நான் விற்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் ரினு, அம்மாவுக்கு செண்டிமெண்ட் என்று சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்டிமெண்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். அந்த ஆல்பங்களில் ஒன்றிலிருந்து நான் திருடியிருக்கிறேன்.

நர்ஸிங் முடித்து இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை லக்ஷ்மிபாய் நகரில் பெரியப்பாவின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்து போய் எனக்காகப் புழுங்கலரிசியும் கருவாடும் வாங்கி வருவார். அதைத் தின்றுகொண்டே அழுவேன். வீட்டுக்குக் கடிதம் எழுதுவது ஒன்றுதான் ஆறுதல். இன்லேண்ட் தாளில் என் அழுகை அடங்காது, எட்டுப் பக்கம் எழுதி உறையில்தான் போட வேண்டும். முதல் கடிதத்துக்குத் தபாலாபீஸில் போய் 'ஸ்டாம்ப்' என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையான 'அச்சா'வைச் சொல்லிவைத்தேன். அவர் கொடுத்ததை நக்கி ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன். அது ரசீதில் ஒட்டுகிற ரெவின்யூ ஸ்டாம்ப். ஊரில் அப்பா இரண்டு மடங்கு கட்டி அந்தக் கடிதத்தை வாங்கியிருக்கிறார். 'மகள் கடிதம்தானே, கொடுக்கலாம்' என்று பதில் எழுதியிருந்தார். எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகு அந்தத் தபாலாபீஸ் படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியப்பாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் வீட்டில் தூங்கி, ஸ்டாம்புக்கும் அவரையே கேட்பதா என்று ஒரு ரோஷம். கேட்பதற்கு ரோஷம், எடுப்பதற்கு இல்லை. அந்த வயசில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அலமாரியில் நீல அட்டை போட்ட ஆல்பம் இருந்தது. அதில் பறவை, ரயில் இஞ்சின், பூ என்று முத்திரை விழாத புதுத் தபால்தலைகள். வாரம் ஒன்றாக உருவி, நக்கி, ஒட்டி அனுப்பினேன். பதினேழு. எண்ணிக்கை மறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அவர் ஆல்பங்களைப் பிரிக்கும்போதெல்லாம் நான் சமையலறையில் பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பதினேழாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதில்தான், இனி முடியாது, வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அப்பாவை அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் பார்த்தேன். திருட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தைக் கர்த்தர் வழியில் தொலைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை. அன்றோடு எடுப்பதை நிறுத்தினேன். அதற்குள் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது, வார்டில் சிநேகிதி கிடைத்தாள், இந்தியும் கொஞ்சம் நாக்கில் ஏறியது. அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

பல வருஷம் கழித்து ஒரு நாள் பேப்பரில், பழைய தபால்தலை ஒன்று லட்சக்கணக்கில் ஏலம் போனதாகப் படித்தேன். நான் நக்கி ஒட்டியதில் அப்படி ஒன்று இருந்திருந்தால்? பெரியப்பாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தேன், அவருடைய கடைசி நாட்களில் என் கையால் ஊட்டினேன். இதெல்லாம் அன்பினாலா, கணக்குத் தீர்க்கவா என்று எனக்கே சந்தேகம் வரும். அப்படிப்பட்டவளிடம் மொத்தச் சேகரிப்பையும் கொடுத்துவிட்டுப் போகிறார் மனுஷன். திருடியவள் கையிலேயே சாவி.

இந்த வருஷம் ரினு பொறுமை இழந்துவிட்டாள். அவளுக்குப் படிக்க அந்த அறை வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். நாடு வாரியாக, புதுசு தனி, முத்திரை விழுந்தது தனி, கிழிந்தது தனி. ஆஸ்பத்திரியில் ஃபோர்செப்ஸ் பிடித்த கை என்பதால் எனக்கு அந்த வேலை சுலபமாக வந்தது. நீல ஆல்பத்தை மட்டும் நான் திறக்கவில்லை. அதில் பிரிக்க ஒன்றுமில்லை என்று ரினுவிடம் சொல்லி, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டேன்.

ரினுவே இண்டர்நெட்டில் தேடி ஒரு வியாபாரியைப் பிடித்தாள். பன்சால்ஜி என்று அறுபது வயதுக்காரர். பழைய டெல்லியில் கடை. வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வியர்வை ஒழுக ஒழுக ஒவ்வோர் ஆல்பமாகப் புரட்டினார். லட்சம் போகிற தபால்தலை எதுவும் இல்லை. பெரியப்பா வாங்கிய புதுசுகளை அப்போது எல்லோரும் வாங்கி வைத்தார்களாம், அதனால் இன்றைக்கு அதற்குப் பெரிய மதிப்பு கிடையாதாம். நான் நக்கியதும் அதே ரகம்தானா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லிவிட்டு, கடைசியாக நீல ஆல்பத்தை எடுத்தார். பாதிவரை தலையாட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, உச்சுக்கொட்டி, ஆல்பத்தை என் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் கராப், மேடம், விலை போகாது. எல்லாம் போஸ்ட் ஆனது. கோந்தும் இல்லை. புது செட்டுக்கு நடுவில் இதை ஏன் வைத்தார்?"

காலியிடங்களைப் பார்க்கப் போகிறேன் என்று பயந்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. பறவை இருந்தது. ரயில் இஞ்சின் இருந்தது. பூக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் டெல்லி தபாலாபீஸின் கறுப்பு முத்திரை. கீழே பென்சிலில், பெரியப்பாவின் பொடி எழுத்தில், 'அனுப்பியது' என்று ஒரு தேதி, 'வந்தது' என்று ஒரு தேதி. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள். பதினாறு இடத்தில் அப்படி. பதினேழாவது இடம் காலி. அங்கே அனுப்பிய தேதி கிடையாது, 'வரவில்லை' என்று மட்டும் இருந்தது.

நான் ஒட்டி அனுப்பிய அதே தபால்தலைகள். ஊருக்குப் போய், திரும்பி வந்து, அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. பன்சால்ஜி பதறிப்போனார். விலை குறைவாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, "அச்சா, அச்சா, டீக் ஹை" என்று சொன்ன விலைக்கு மேல் இரண்டாயிரம் ஏற்றினார். ரினு என் காதருகே வந்து, "மம்மி, இன்னும் தோடா அழு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். பன்சால்ஜி என்னை என்னவென்று நினைத்தாரோ. மொத்தத்தையும் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டார். அந்த ஒரு பக்கத்தை மட்டும், இது எனக்குப் பிரயோஜனம் இல்லை என்று கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் மின்விசிறியைப் போட்டுவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன். அப்பா இப்போது இல்லை. அம்மா என் தம்பி வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் நன்றாகக் கேட்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமா மக்ளே, பெரியப்பா அப்பமே எனக்கு எழுதியிருந்தாவ. புள்ள ஸ்டாம்பு எடுக்கா, எடுக்கட்டு, நீ அத வெட்டி எனக்கு அனுப்பிருன்னு. ஒன்கிட்ட சொல்லப்பிடாதுன்னும் எழுதியிருந்தாவ. நான் வெட்டி வெட்டி அனுப்புனேன்."

"ஒண்ணு வரலன்னு எழுதி வச்சிருக்காரும்மா."

அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அது எங்கிட்ட இருக்கு. வேலய விட்டுட்டு வாறேன்னு எழுதுனியே, அந்தக் கடுதாசி. ஒங்க அப்பா பாத்திருந்தா மறுநாளே ரயிலேறி ஒன்னக் கூட்டியாந்துருப்பாவ. வந்தா திரும்பப் போவ மாட்டன்னு எனக்குத் தெரியும். அதான் ட்ரங்குப் பொட்டிக்கு அடியில போட்டுட்டேன். பெத்த புள்ள அழுது எழுதுனத ஒளிச்சிட்டமேன்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா. நீ என்ன மன்னிச்சிரு மக்ளே."

கர்த்தர் பாவம், இத்தனை வருஷம் வீண்பழி சுமந்திருக்கிறார். நான் இங்கே திருட்டை மறைத்துக்கொண்டு, அம்மா அங்கே கடிதத்தை மறைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையோடு முப்பது வருஷம் போனில் நலம் விசாரித்திருக்கிறோம். நல்ல காரியம் செஞ்சீங்க, அம்மா, என்று சொன்னேன். மனசாரச் சொன்னேன். அந்தக் கடிதம் அப்பா கைக்குப் போயிருந்தால் இந்த வேலை இல்லை, இந்த வீடு இல்லை, பக்கத்தில் நின்று, 'நானி என்ன சொல்றாங்க' என்று கேட்கிற ரினுவும் இல்லை. அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கமான குரலில், அந்த ஸ்டாம்பையும் வெட்டி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்மா. அது அங்கேயே இருக்கட்டும்."

பெரியப்பா சொன்னபடியே பின்னறைக்கு ஏசி வந்துவிட்டது. ரினு அங்கே கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள், நான் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் பயமில்லாமல் போய் வருகிறேன். அந்தப் பக்கத்தை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்போன அன்று ஒன்றைக் கவனித்தேன். அத்தனை நேரம் மின்விசிறிக் காற்றில் கிடந்தும் அந்தப் பதினாறும் சுருளவில்லை; கோந்துதான் போய்விட்டதே. இனி ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் எதிலும் ஒட்டாது. பென்சிலை எடுத்து, காலியிடத்தில் பெரியப்பா எழுதிய 'வரவில்லை'க்குக் கீழே, அவரைப் போலவே பொடி எழுத்தில், 'ஊரில் உள்ளது' என்று எழுதினேன்.