ஜன்னலுக்கு நேரே இறங்காத வாத்துகள்

பொங்கல் முடிந்த வாரம். காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, எட்டே காலுக்கு மரக்காணத்தில் இறங்கினேன். வழி நெடுக ஒரே வேண்டுதல்: அந்த வாத்துகள் ஆரோக்கியத்தின் ஜன்னலுக்கு நேரே இறங்கியிருக்க வேண்டும்.

பறவை பார்க்கப் போய்ப் பழக்கமான குடும்பம் அது. உப்பளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த ஆரோக்கியம், இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். போன வருஷம், இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்துகள் அவர் வீட்டுப் பின்பக்கம் மேய்ந்ததைப் படுத்தபடியே பார்த்தார். அன்றிலிருந்து அதே பேச்சு. இந்த வருஷம் அவர் மனைவி ஸ்டெல்லா அந்தப் புல்லில் மாட்டையே விடவில்லை, வாத்துக்கு வயிறு நிறையட்டும் என்று. போனில் "பிரமாதம் ஸ்டெல்லா!" என்று பாராட்டிய மேதாவி நான்தான்.

ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். "வாத்து பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க? எங்க மாமியார் வூட்லயே பத்து கெடக்குதுக்கா" என்றார் டிரைவர்.

ஒன்பது மணி. பின்பக்கம் இடுப்பு உயரத்துக்குப் புல். ஒரு வாத்துகூட இல்லை. சத்தம் மட்டும் இருநூறு மீட்டர் தள்ளிக் கேட்டது. பைனாகுலரில் பார்த்தேன். பக்கத்து நிலத்தில் எருமைகள் ஒட்டக் கடித்துவிட்டுப் போன இடம். அங்கே விரற்கடை உயரத்துக்குத் துளிர்த்திருந்த நுனிகளை மட்டும் வாத்துகள் நடந்துகொண்டே கிள்ளித் தின்றன. ஸ்டெல்லாவின் புல் வரைக்கும் வந்தவை, வாய் வைக்காமல் திரும்பின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முற்றிய புல் அவற்றுக்கு வெறும் நார். உள்ளே நரி பதுங்கினாலும் தெரியாது. மாடு மேய்ந்தபின் வருகிற இளசுதான் வேண்டும்.

சொன்னேன். ஸ்டெல்லா தன் புல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே கெடுத்துட்டேனாக்கா? ரெண்டு மாசமா ரோட்டோரம் அறுத்து அறுத்து மாட்டுக்குப் போட்டேனே!"

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று மாடுகளையும் அவிழ்த்துவிட்டாள். பக்கத்து எருமைகளையும் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

உள்ளேயிருந்து ஆரோக்கியத்தின் குரல்: "இப்ப மேய வுட்டா, எப்ப துளிர்க்கும்?"

"பத்து நாளாவது ஆகும்ங்க. அதுவரைக்கும் வாத்து இருக்கும்" என்றேன்.

"பத்து நாள்தானே? நான் எங்க ஓடிடப் போறேன்!" என்று அவரே சிரித்தார். எங்களால் முடியவில்லை.

கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "அங்க இப்ப என்னா பண்ணுதுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன். எது முன்னால் போகிறது, எது தலை நிமிர்ந்து காவல் நிற்கிறது, எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பறம்?" என்றார். பதினொரு மணி பஸ்ஸை விட்டேன். நாலு மணி பஸ்ஸையும் விட்டேன்.