முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்று

கல்லூரியில் அவளுக்கு ‘மிளகா டீச்சர்’ என்று பெயர். புள்ளியியல் நடத்துகிறவள். தவறான விடையைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். தவறான விடையைத் தைரியமாகச் சொல்கிறவனைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் தைரியம் அவள் தம்பிக்கு நிறையவே இருந்தது.

தம்பி துகள் ஆய்வுக்கூடத்தில் பெரிய ஆள். அணுவைவிடச் சிறிய புதுத்துகள் ஒன்றின் தடயம் கிடைத்ததாக அவன் டிவியில் பேசியபோது, அக்கா பெருமையோடுதான் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே, “இந்தத் துகள் இல்லாமப் போக வாய்ப்பு முப்பத்தஞ்சு லட்சத்துல ஒண்ணுதான்” என்றான்.

அவ்வளவுதான். ரிமோட் சோபாவில் போய் விழுந்தது. போனை எடுத்தாள்.

“டேய், என்னடா உளறிட்டு வந்திருக்க?”

“ஏன்க்கா, கணக்கு சரிதானே?”

“கணக்கு சரி, வாய்தான் தப்பு. துகளே இல்லைன்னு வச்சுக்கிட்டா, இப்படி ஒரு தடயம் தற்செயலாக் கிடைக்க வாய்ப்பு முப்பத்தஞ்சு லட்சத்துல ஒண்ணு. அதைத் தலைகீழாத் திருப்பி, துகள் இல்லாம இருக்கவே வாய்ப்பு அவ்வளவுதான்னு சொல்லுவியா? சமையல்காரன் கையில வெங்காய வாசனை வரும். வாசனை வர்றவன் எல்லாம் சமையல்காரனா?”

“ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா.”

அந்தப் பதில் அவளைச் சுட்டது. ஜனங்களுக்கு என்றால் என்ன, அவர்களுக்கு மூளை இல்லையா? அடுத்த தேர்வில் தம்பியின் வாக்கியத்தை அப்படியே போட்டு, ‘இதிலுள்ள பிழையை விளக்குக’ என்று பத்து மதிப்பெண் கொடுத்தாள். சேதி அவன் காதுக்குப் போயிற்று. பேச்சுவார்த்தை நின்றது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆய்வுக்கூடமும் தனியாகத் தேடி அதே துகளைக் கண்டுபிடித்தது. தம்பி கேக் பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“பாத்தியாக்கா? நான் சொன்னது பலிச்சிருச்சு.”

“துகள் இல்லைன்னு நான் எப்பவாவது சொன்னேனா?”

“அதான் கிடைச்சிருச்சே, இன்னும் என்ன?” என்று அவள் கணவர் கேக்கை வெட்டப் போனார். அவள் பார்த்த பார்வையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“துகள் இருக்குறதால நீ சொன்ன காரணம் சரியாயிடுமா? குருட்டாம்போக்குல சரியான விடை எழுதுனவனுக்கு நான் மார்க் போட மாட்டேன்.”

தம்பி முகம் தொங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். “சரி, எப்படித்தான் சொல்லியிருக்கணும்? சொல்லித்தொலை.”

சொன்னாள். இந்த முறை அவன் குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ சொல்றது புரியுது. ஆனா டிவியில இவ்வளவு நீளமாப் பேச விட மாட்டாங்கக்கா” என்றான்.

“விடலைன்னா எழுந்து வா. தப்பாச் சொல்லிட்டு உக்காந்து சிரிக்காதே!”

கணவர் சந்தடி இல்லாமல் கேக்கை மூன்று தட்டில் வைத்தார். அவள் தன் தட்டைத் தொடவேயில்லை.