மூன்றரை மணி டீ

எனக்கு முதலில் தப்பிப்போனது எண்ணிக்கைதான். மூச்சிரைப்பும் தலைசுற்றலும் அதற்குப் பிறகு வந்தவை.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற வேலை. உறை போட்ட செப்புக் கம்பியை இரும்புக் கூட்டின் துளைகளுக்குள் கையால் இழுத்து இழுத்துக் கோக்க வேண்டும். எத்தனை சுற்று என்கிற கணக்கு மனசுக்குள்ளேயே ஓடும். ஒரு சுற்று குறைந்தாலும் சோதனையில் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அத்தனை கம்பியையும் உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ரீத்தா சுற்றிய மோட்டார் திரும்பி வராது என்று பெயர் எடுத்தவள் நான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காலையில் அசதி இருந்தாலும் எண் தப்பாது. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி ஆனால் போதும், கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். கை பாட்டுக்குக் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கும், எண் மட்டும் எங்கேயோ நின்றுபோயிருக்கும். பதினெட்டா, பத்தொன்பதா? தெரியாது. உருவு, திரும்பச் சுற்று. ஒரு வாரத்தில் என் மோட்டார்கள் மூன்று சோதனையில் தோற்றன. அந்த வாரம் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தூக்கம் என்றுதான் நினைத்தேன். தூக்கத்துக்கு மருந்து டீ. பதினொரு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று என்று கம்பெனி கொடுப்பது போதாமல், வீட்டிலிருந்து ஃபிளாஸ்கிலும் கொண்டுபோனேன். டீ குடித்ததும் ஒரு கால் மணி நேரம் விளக்கேற்றியது போல இருக்கும், பிறகு அணைந்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது, சொல்லக் கூச்சம்தான். பச்சரிசி தின்பேன். டப்பாவில் போட்டு மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, கம்பி இழுக்கும்போதே ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுவேன். பக்கத்து மேசை செல்விக்கும் அதே பழக்கம். பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்பார்கள். எனக்குக் கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போகிறாள். "இனி உங்களுக்கு எந்தக் கல்யாணத்துல மழை வரப்போகுது, நல்லாத் தின்னுங்கக்கா" என்று செல்வி டப்பாவை என் பக்கம் தள்ளுவாள்.

எங்கள் சூப்பர்வைசர் மணி நல்ல மனிதர். கொங்கு நாட்டுக்காரர் திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார், அதுதான் வலிக்கும். ஒருநாள் சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"ஏனுங் ரீத்தாக்கா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு பேக்கிங் பக்கம் ஒக்காந்துக்கிறீங்களா?"

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டுகிற வேலை. சம்பளம் குறையாது, மரியாதை குறையும். எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் ஒரு தொழிலைக் கைவசம் வைத்திருந்த முதல் ஆள் நான். அந்த மேசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. உடம்பைக் காட்டிவிட்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்செய்தி வாசிக்க எல்லாரும் எழுந்து நின்றபோது எனக்குக் கண் இருண்டது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் அருளப்பன், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய லோடு வண்டியை நிறுத்திவிட்டு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அரிசி தின்பீர்களா என்று அவராகவே கேட்டார். எனக்குத் திக்கென்றது, டப்பா கம்பெனியில் அல்லவா இருக்கிறது!

பரிசோதனையில் ஹீமோகுளோபின் (உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் இரத்தச் சிவப்பு) இருக்க வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைக்கும் இரும்பு) கிட்டத்தட்ட காலி. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் உதிரப்போக்கு அதிகமாக இருந்ததுதான் காரணம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அரிசி ஆசைக்கும் பைகா (உணவல்லாததையும் பச்சையானதையும் தின்னத் தூண்டும் வேட்கை) என்று ஒரு பெயர் இருந்தது. அது ருசி அல்ல, இரும்பு கேட்டு உடம்பு போடுகிற சத்தம் என்றார். தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, தண்ணீரோடு விழுங்கச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். கோயமுத்தூர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியம்.

எங்களுக்கு வீட்டுக் குழாயில் வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் பற்றி ஒரு திமிர் உண்டு. எங்கே போனாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இதெல்லாம் ஒரு தண்ணியா என்போம். எங்கள் கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கிறது. காலை அவசரத்தில் மறந்துபோகும் என்று மாத்திரையை அங்கேதான் வைத்திருந்தேன். அங்கே வருவது போர்வெல் தண்ணீர், உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் மாத்திரை விழுங்க எனக்குக் குமட்டியது. அதனால் மூன்றரை மணி டீயில் விழுங்கினேன். டீயிலும் தண்ணீர்தானே இருக்கிறது என்பது என் கணக்கு.

மாதங்கள் போயின, ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரை வயிற்றைக் கட்டியது மட்டும்தான் மிச்சம்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் சபையில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் பிடித்தது ஒன்றை விடுவோம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் சீரியலை. எனக்கு உயிராக இருந்தது டீதான், அதை விட்டேன். டீ இல்லாமல் மாத்திரை இறங்க வேண்டுமே என்று வீட்டிலிருந்து ஒரு பாட்டில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுபோனேன்.

முதல் வாரம் தலைவலி பிய்த்தெடுத்தது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல என்னவோ நடந்தது. படியேறும்போது நடுவில் நிற்காமல் ஏறினேன். அரிசி டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. மூன்று மணிக்கு மேலும் எண் என் கையோடு வந்தது. ஆண்டவரே என்று அழுதுவிட்டேன். என் ஒறுத்தலுக்கு இரங்கினார் என்று நம்பினேன். அருளப்பன் மட்டும், உலகத்தில் எல்லாரும் டீ குடித்துத் தெம்பாவார்கள், நீ குடிக்காமல் தெம்பாகிறாயே என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

ஈஸ்டர் அன்று, அதுவரை விட்ட டீயெல்லாம் சேர்த்துக் குடித்தேன். மறுநாளிலிருந்து பாட்டிலையும் சுமக்கவில்லை, மாத்திரை பழையபடி டீயோடு போனது. கோடை முடிவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எண் தப்பியது, அரிசி டப்பா திறந்தது. மணி இந்த முறை கேட்கவில்லை. பேக்கிங் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். டேப் ஒட்டிக்கொண்டே அழுதேன். செல்வி பார்க்காத மாதிரி இருந்தாள். அதற்கு அவளுக்கு நன்றி.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். தவக்காலத்தில் கடவுள் கொடுத்ததை ஈஸ்டருக்கப்புறம் எடுத்துக்கொண்டார் என்று புலம்பினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தவக்காலத்துல என்னத்த விட்டீங்க?"

"டீ விட்டனுங்க."

"மாத்திரைய எதுல போடுறீங்க?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க மாத்திரைய முழுங்குனீங்க அம்மணி. டீ அதுல இருந்த இரும்ப முழுங்கிப்போட்டுதுங்க."

டீயில் டானின் (துவர்ப்பு தரும் பொருள்) இருக்கிறதாம். அது இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேர விடாதாம். ஆக, விழித்திருப்பதற்காக நான் குடித்ததுதான் என்னை உறங்க வைத்திருக்கிறது. அத்தனை மாத்திரையும் விழலுக்கு இறைத்த நீர். பம்ப் கம்பெனிக்காரிக்கு இது தேவைதான்!

இதை வாசிக்கிற உங்களுக்கும் இதே மாத்திரை எழுதியிருந்தால் எதில் விழுங்குகிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு அவர் சொன்னது காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் டீ கிடையாது.

மாத்திரையை விடக் கஷ்டம், நீட்டுகிற டீயை மறுப்பது. எங்கள் ஊரில் ஒரு வாய் டீயை வேண்டாம் என்றால் அந்த ஆளையே வேண்டாம் என்று சொன்னது போல. செல்வி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வைத்தேன். அவளுக்கும் இரும்பு இல்லை. இப்போது இரண்டு பேருமே எலுமிச்சைக் கோஷ்டி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் கருகிப்போன மோட்டாரோடு வந்தார். தோப்பு கிடக்கட்டும், மாட்டுக்குக் குடிக்கத் தண்ணி இல்லீங்க என்றார். மற்ற மேசைகளில் எல்லாம் வேலை இருந்தது. என் பழைய மேசை மட்டும் காலியாக இருந்தது. மணி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல சுத்திக்கலாமுங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மத்தியான ரீத்தாவை அவருக்குத் தெரியும்.

"இப்பவே குடுங்க," என்றேன்.

கம்பி துளைக்குள் போனது, வந்தது. எண் என்னோடு வந்தது. செல்வி எதையோ மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள், நான் நிமிரவில்லை. கடைசி முடிச்சைக் கட்டி நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அது மூன்றரை மணி டீ. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க என்னைக் கடந்து போயிருக்கிறது, நான் அதோடு சண்டை போடவே இல்லை.

மோட்டாரைச் சோதனைத் தொட்டியில் இறக்கினார்கள். சுவிட்ச் போட்டதும் சீராக ஓடியது. மூன்று மீட்டர்களின் முட்களும் ஒரே அளவைக் காட்டி நின்றன. தோப்புக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க மேசைய யாருக்கும் குடுக்கலீங்கக்கா," என்றார் மணி. "வெச்சிருந்தனுங்க."

அன்று வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். தோள் வலித்தது, விரல் நுனியெல்லாம் எரிந்தது. என்ன ஆச்சு, மறுபடியும் முடியலையா என்று பயந்துபோய்க் கேட்டார் அருளப்பன்.

வருஷக்கணக்கில் என்னோடு இருந்த அசதி, காலையில் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். எந்த வேலையும் செய்யாமலே வந்தது. இது அது இல்லை. இது நான் சம்பாதித்தது.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "வேலை செஞ்சுபோட்டு வந்திருக்கேன்."