மீட்டர் ஓடுகிறதா என்று கேட்டார்

இன்று காலை ராஜபாளையம் வீட்டுக்கு கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், எழுதிவிட்டுக் கிளம்பாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது ஓடுதா? த்ரீ ஃபேஸ் லைனு. யூனிட்டு ஏறவே மாட்டேங்குது. மீட்டரை மாத்தச் சொல்லி எழுதிரவா?"

"ஓடுதுப்பா. ஒரு ஃபேன், ஒரு லைட்டு, ஒரு டிவி. அம்புட்டுதான்."

"இம்புட்டுப் பெரிய வீட்டுக்கா?"

தொண்ணூறுகளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மஸ்கட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டு வாடகை கம்பெனி கொடுத்தது. கரண்ட் பில் எங்கள் தலையில். அதனால் அந்த ஊர் வெயிலிலும் ஒரே அறையில்தான் ஏசி. நான்கு பேரும் அதிலேயே பாய் விரித்துப் படுப்போம்.

மகள் முணுமுணுத்தால் என் மனைவி சொல்வாள்: "ஏட்டி, செத்த பொறு. ஊர்ல வீடு கட்டி ஆளுக்கொரு ரூமு, ரூமுக்கொரு ஏசி."

மிச்சம் பிடித்துச் சொன்னபடியே கட்டினோம். எத்தனை ஏசி போட்டாலும் தாங்குகிற லைன் வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

பிள்ளைகள் கனடாவில் தங்கிவிட்டார்கள். அவள் போன வருஷம் தவறிவிட்டாள். நான் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன்.

"அப்பொறம் எதுக்கு அண்ணாச்சி த்ரீ ஃபேஸ்? சிங்கிள் ஃபேஸா மாத்திக்கிட்டா கொஞ்சம் மிச்சமாகுமே" என்றார் வந்தவர்.

"வேண்டாம்ப்பா. மிச்சம் பிடிச்சது போதும்."

கரண்ட் பில் எகிறிவிட்டது என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள், தொகையைக் கீழே எழுதுங்கள். கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.