கடல்நீரில் நீற்றிய சுண்ணாம்பு

சின்ன மாமாவின் சுண்ணாம்பைக் கெடுத்தவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

திருகோணமலைத் துறைமுகக் கரையோரம் மாமா சூளை வைத்திருந்தார். பக்கத்துச் சல்லி ஊர்ப் பெண்கள் பொறுக்கிவரும் சிப்பிகளை விறகோடு அடுக்கிச் சுடுவார். வெந்த சிப்பியில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்து வெள்ளை மாவாக நீறி உதிரும். அதற்கு நன்னீர்தான் வேண்டும் என்பதில் மாமா பிடிவாதக்காரர். கடலோ காலடியில் கிடந்தது. கிணறு மேட்டுக்கு அப்பால்.

பள்ளி விடுமுறையில் தண்ணீர் சுமப்பது என் வேலை. அன்று ஒரு போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும் அவசரத்தில் குடங்களைக் கடலில் முக்கி ஊற்றிவிட்டு ஓடினேன்.

அந்தச் சுண்ணாம்பு கிண்ணியா ஊர் முதலாளி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனது. அவர் மகளுக்குக் கல்யாணம். சந்தையில் மாமாவின் சுண்ணாம்பை விற்றுக்கொடுப்பவரும் அவரே. அவர் கைவிட்டால் சூளை அணைந்துவிடும். மாரிக்காற்று வீசியதும், சுண்ணாம்பிலிருந்த உப்பு ஈரத்தை இழுக்க, பூசிய சுவரெல்லாம் வியர்த்து, வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

முதலாளி சூளைக்கே வந்து மாமாவைக் கேட்டார்.

"கல்யாண ஊட்டுச் சுவருக்குக் கருவாட்டுத் தண்ணியா தம்பி ஊத்தின நீங்க?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். முதலாளியை அவர் அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றே அழைப்பார். "என்ரை பிழைதான், காக்கா. அலுப்பிலை நான்தான் கடல்தண்ணி விட்டனான்."

உண்மையைச் சொன்னாரே என்று முதலாளி இளகிப்போனார். மாமா தானே சுவரைச் சுரண்டி மறுபடி வெள்ளையடித்தார். நானும் கூடப் போனேன். என் தலையெல்லாம் வெள்ளை படிந்ததைப் பார்த்து, "மருமோனுக்கு இப்பவே நரைச்சுப்போச்சு" என்று மாமா சிரித்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தனியாகச் சந்தைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"அப்ப மாமா எனக்குப் பொய்யா சொன்னவர்?"

மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி எங்களைக் கைவிடவில்லை. ஆனால் அதுவரை மூட்டையை அவிழ்க்காமலே வாங்கியவர், அதன்பின் ஒவ்வொரு முறையும் சந்தையில் எல்லார் முன்னிலையிலும் அவிழ்த்து, ஒரு கிள்ளு எடுத்து, உப்புக் கரிக்கிறதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். மாமா தலை குனிந்து நிற்பார். நான் பக்கத்தில், உண்மை சொன்ன பெருமையோடு, நிமிர்ந்து நின்றேன்.