புதைமேட்டை அளந்த தாமோதரன்

வெள்ளிக்கிழமை மத்தியானம், காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். செமாபோக்கிலிருந்து தாமோதரனின் மைத்துனர் வந்தார். "அண்ணே, மச்சான் காலையில தவறிட்டாரு" என்றார். எழுந்து நிற்கக்கூட அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு இன்னும் போகவில்லை.

நில அளவை அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் அளந்து படம் வரைபவர். நான் அவருக்கு அளவுச் சங்கிலி இழுத்தவன். "அப்பா, நீங்க சங்கிலிய இழுத்தீங்களா, அது உங்கள இழுத்துச்சா?" என்று என் மகள் கேட்பாள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்; ரெண்டும்தான் என்பேன்.

மெர்டேக்கா என்ற நாட்டு விடுதலைக்கு முந்தைய ஆண்டு. அலோர் காஜா பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்ய இருந்தார்கள். அளக்கப் போனோம். நடுவே ஒரு மேடு. அதன்மேல் ஆள் உயரக் கற்கள் வரிசையாக நின்றன. எந்தக் காலத்து மக்களோ இறந்தவர்களைப் புதைத்த இடம். தோட்டத் தொழிலாளர் லயத்து ஜனங்கள் அதில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி முனியாண்டியாகக் கும்பிட்டு வந்தார்கள். மேட்டையும் தரைமட்டமாக்கப் போவதாகத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொன்னார். "கோயில்தானே? கல்லத் தூக்கி ரோட்டோரம் வெச்சுக்கட்டும்."

"புதைமேடுன்னு அரசாங்கப் படத்துல ஏறிட்டா கை வைக்க மாட்டாங்க" என்றார் தாமோதரன். பகல் முழுக்க லாலான் புல்லில் அளந்தோம். அட்டைகளுக்கு என் காலில் விருந்து. கடைசிப் பக்கம் முள்ளும் சேறும். "அண்ணே, அந்தப் பக்கமும் இதே மாதிரிதான் இருக்கும், போட்டுடுங்க" என்று கெஞ்சினேன். "நடக்காத எடத்துக்குக் கோடு போடக்கூடாதுப்பா" என்றார். நடந்தோம்.

மரத்தில் பால் வெட்டும் மாரியாயி அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏஞ்சாமி, பொணத்து மேலயா நாங்க பொங்கல் வெச்சோம்? இத வேற படத்துல எழுதப் போறீங்களா?"

"வேணாம்னா எழுதல, அக்கா. ஆனா எழுதலேன்னா அடுத்த மாசம் மேடு இருக்காது. முனி காவக்காரர்தானே? செத்தவங்களுக்குக் காவல் இருக்காருன்னு வெச்சுக்குங்களேன்" என்றார் தாமோதரன்.

அக்கா மஞ்சள் பூசிய கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். "காவல்னா சரி. ஆனா நாங்க வந்து போறதையும் எழுதுங்க. இல்லாட்டி நாளைக்கு வேலிய போட்டு எங்களையே தொரத்துவானுங்க."

'பழைய புதைமேடு, மக்கள் வழிபடுகிறார்கள்' என்று எழுதினார் தாமோதரன். நிலப்படத்தில் பக்திக்கு இடமில்லை என்று மேலதிகாரி பின்பாதியை அடித்துவிட்டார். நான் கோபத்தில் குதித்தேன், அதிகாரிக்குக் கேட்காத தூரத்தில். தாமோதரன் குதிக்கவில்லை. மறுபடியும் தோட்டத்துக்குப் போய், லயத்திலிருந்து மேடுவரை தேய்ந்து கிடந்த ஒற்றையடிப் பாதையை அளந்து, புள்ளிக் கோடாகப் படத்தில் ஏற்றினார். பாதையை அடிக்க எந்த விதியும் இல்லை. அதிகாரியின் கையெழுத்து விழுந்தது.

புதுக் கன்றுகளை மேட்டையும் பாதையையும் விட்டுத்தான் நட்டார்கள். மாரியாயி அக்கா வீட்டார் இன்றும் அந்த வழியாகத்தான் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தாமோதரனிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அந்த இரண்டாவது பயணத்தைத்தான். அன்று என்னைவிட அவர்தான் அதிகம் களைத்திருந்தார். அடித்த வரியை ஒருமுறை பார்த்தார், சங்கிலியை எடுத்து என் தோளில் போட்டார்.

"வாப்பா, இன்னொரு தடவ நடப்போம்."